வீட்டுக் கணினியில் பஜனையும் தவிலும்: டர்பன் தமிழர்களுக்கு ஓர் இசைப்பதிவு வழிகாட்டி

டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீட்டுக் கணினியில் இசை செய்ய விரும்பும் தமிழர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினர், கோயில் பஜனைக் குழுவின் நாமாவளிகளையோ வீட்டுப் பெரியவர்கள் பாடும் தேவாரத்தையோ காவடி நாள்களில் முழங்கும் தவிலையோ பதிவுசெய்து வைக்க நினைப்பவர்கள். மற்ற வகையினர், மைக் எதையும் தொடாமல் கணினிக்குள்ளேயே தாளங்களை அடுக்கி, இந்த ஊரிலேயே பிறந்த கோம் இசையையும், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் பிறந்த அமாபியானோவையும் போல ஆட்டத்துக்குரிய இசையை உருவாக்கும் இளைஞர்கள். இவ்விரு வேலைகளுக்கும் ஒரே மென்பொருளைப் பரிந்துரைப்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன. பேரன் பயன்படுத்தும் மென்பொருளை வாங்கிவிட்டுத் தாத்தாவின் பாட்டை அதில் பதிய முடியாமல் தவிக்கும் வீடுகள் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உண்டு. இந்தக் கட்டுரை முதல் வகையினரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

டிஏடபிள்யூ (டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன்) என்று அழைக்கப்படும் இந்த இசைப்பதிவு மென்பொருள்கள் அனைத்தும் அடிப்படையில் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனி ட்ராக்கில் வாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வரிசைப்படுத்தி, வெட்டவும் நகர்த்தவும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கவும் இடம்கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கலந்து தருகின்றன. மைக்கிலிருந்து வரும் ஒலியை உள்ளபடி வாங்கிவைப்பதில் இவற்றுக்குள் காதால் உணரத்தக்க வேறுபாடு கிடையாது. எந்த வேலையை எளிதாக்குகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. விலை அதிகமான மென்பொருளில் குரல் இனிமையாகக் கேட்கும் என்று எண்ணிச் செலவிடுவது வீண். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக்கும் இரண்டு கனமான கம்பளிகளும் வாங்கினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

எந்த மென்பொருள், எந்த வேலைக்கு

ஒரே ஒருவர் பாடுவதைப் பதிந்து, முன்னும் பின்னும் உள்ள இருமலை வெட்டி, எம்பி3 ஆக்கி உறவினருக்கு அனுப்புவதுதான் நோக்கம் என்றால், 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஆடாசிட்டிக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. அலமாரியில் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதற்கும் அதுவே போதும். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு இழுத்துவிட்டால் ஆயிற்று. ஆனால் ஆர்மோனியம், மிருதங்கம், முன்பாட்டு, பின்பாட்டு என்று ட்ராக்குகள் பெருகி, ஒரே பாட்டை நான்கு முறை பாடி நல்ல பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக் கோக்க வேண்டிய நிலை வரும்போது ஆடாசிட்டி கையைக் கட்டிப்போடும்.

அந்த நிலையில் உள்ளவர்களுக்கு, விண்டோஸ் கணினி வைத்திருந்தால், ரீப்பரையே நான் பரிந்துரைப்பேன். 60 நாள்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்; அதன் பிறகு தனியாளுக்கான உரிமத்தின் விலை 60 டாலர். தரவிறக்கக் கோப்பு மிகச் சிறியது என்பதால், மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டிலும் சிரமமின்றி இறக்கிக்கொள்ளலாம். பழைய கணினியிலும் ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் உண்டு. அதன் குறை, தோற்றம் வறட்சியானது, உடன் தரப்படும் கருவியொலிகள் மிகக் குறைவு என்பதாகும். கருவியை நிஜமாக வாசிக்க ஆள் இருக்கும் குழுவுக்கு அந்தக் குறை ஒரு பொருட்டல்ல. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விலை டாலரில் குறிக்கப்படுவதால் ராண்டின் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும், வெளிநாட்டிலிருந்து இணையவழி விற்கப்படும் மென்பொருளுக்கும் தென்னாப்பிரிக்காவில் 15 விழுக்காடு வாட் வரி உண்டு என்பதால் பணம் செலுத்தும் பக்கத்தில் தொகை கூடித் தெரிந்தால் திகைக்க வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்கள் கையில் ஏற்கெனவே கராஜ்பேண்ட் இருக்கிறது. அது இலவசம், வீட்டுப் பதிவுக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு, பின்னாளில் லாஜிக் ப்ரோ வாங்கினால் பழைய வேலையெல்லாம் அதில் அப்படியே திறக்கும். வேறு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

பெல்ஜிய நாட்டு நிறுவனமான இமேஜ்-லைனின் எஃப்எல் ஸ்டூடியோ இந்த ஊர் இளைஞர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. கோம் இசை பெரும்பாலும் அதில்தான் உருவாயிற்று. அமாபியானோவின் அடையாளமாகிவிட்ட அந்த அடித்தொனியும் அதனுடன் வரும் ஒரு ப்ளக்-இன்னிலிருந்து, அதாவது உள்ளே பொருத்தும் துணை மென்பொருளிலிருந்து, எழுந்ததுதான். தாளத்தைக் கட்டங்களில் குறித்து அடுக்கும் வேலைக்கு அதைப் போல் விரைவானது அரிது, ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம் என்பதும் உண்மை. ஆனால் மிக மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் மைக்கிலிருந்து குரலைப் பதிய முடியாது. அதற்கு ப்ரொட்யூசர் பதிப்பு வேண்டும். இலவச மாதிரிப் பதிப்பில் சேமித்த வேலையை, வாங்கும்வரை மீண்டும் திறக்கவும் முடியாது. இவ்விரண்டையும் அறியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

ஏபிள்டன் லைவின் லைட் பதிப்போ க்யூபேஸின் சிறிய பதிப்போ, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியோடு இலவச உரிமமாக வருவது வழக்கம். ஆகவே மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், வாங்கிய கருவியின் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். உரிமத்தை உடைத்து விற்கப்படும் திருட்டுப் பதிப்புகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவற்றோடு வரும் வைரஸ், பாட்டியின் குரல் இருக்கும் அதே வன்தட்டைத்தான் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்.

கணினி, இன்டர்ஃபேஸ், மைக்

எட்டு ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டி வட்டும் உள்ள எந்த லேப்டாப்பும் இந்த வேலைக்குப் போதும். 16 ஜிபி இருந்தால் மகிழ்ச்சி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்தப் பழைய கணினியை எறிந்துவிடாமல், இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பதிவுக்கென்றே ஒதுக்கிக்கொள்ளலாம். பதிவின் நடுவில் அப்டேட் வந்து குறுக்கிடும் தொல்லையும் அதனால் ஒழியும். வட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற ஒலித்தர அளவில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி பிடிக்கும்; எட்டு ட்ராக்கில் ஒரு மணி நேர பஜனையைப் பதிந்தால் 4 ஜிபியைத் தாண்டும்.

மைக்கையும் கணினியையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் எத்தனை மைக் செருகலாம் என்பதே முக்கியமான கேள்வி. பாடகர் ஒருவர், ஆர்மோனியம் ஒன்று என்றால் இரண்டு போதும். குழு ஒன்றாக அமர்ந்து பாடுவதைப் பதிய வேண்டுமானால் குறைந்தது நான்கு வேண்டும்: முன்பாட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கோ டோலக்குக்கோ ஒன்று, பின்பாட்டுக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒன்று. இரண்டு வாயில் உள்ள பெட்டியை முதலில் வாங்கிப் பிறகு நான்கு வாயில் பெட்டியை வாங்குவதைவிட, ஒரு தீபாவளி பொறுத்திருந்து நேராக நான்கையே வாங்குவது சிக்கனம்.

மைக்கில், கண்டென்ஸர் வகை நுட்பமானது. அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் அந்த நுட்பம் நம் வீடுகளில் பல சமயம் எதிரியாகிவிடுகிறது. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சாட்ஸ்வொர்த் வீடுகளில், அவர்கள் தொலைக்காட்சியும், கூரைத்தகட்டில் ஓடும் குரங்குகளும், விடியற்காலையில் தலைக்குமேல் கத்திக்கொண்டு பறக்கும் ஹடீடா பறவைகளும் கண்டென்ஸர் மைக்கில் தெளிவாக விழும். ஷூர் எஸ்எம்58 போன்ற சாதாரண டைனமிக் மைக், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். பதப்படுத்தப்படாத அறையில் அதுவே எனது தேர்வு.

அறையைப் பொறுத்தவரை ஒரு விஷயம் பலரும் தலைகீழாகச் செய்வது: கம்பளியை மைக்கின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். ஒரு திசை மைக், பாடகர் நிற்கும் பக்கத்தை நோக்கியே கேட்கிறது. ஆகவே பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் எதிரொலிதான் அதில் விழும். கம்பளி அங்கே தொங்க வேண்டும். புடவைகள் நிறைந்த துணி அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டிப் பாடகரை நிறுத்தினால் செலவே இல்லை. பிப்ரவரி வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்வது கொடுமைதான். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விட்டு விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை திறக்கும்போது

ரீப்பரைத் திறந்ததும் ஆப்ஷன்ஸ் பட்டியலில் ப்ரிஃபரன்ஸஸுக்குள் சென்று, ஆடியோ, டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் இன்டர்ஃபேஸின் ஏஸியோ டிரைவரை (கருவியை மென்பொருளோடு தாமதமின்றிப் பேசவைக்கும் நிரலை) தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் இன்னும் வாங்கவில்லை என்றால் ஏஸியோ4ஆல் என்ற இலவச டிரைவர் தற்காலிகமாகக் கைகொடுக்கும். அதன்பின் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளுகிறது என்பதை, பார்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது ஏறத்தாழ 2.7 மில்லிநொடித் தாமதம். 1024 என்றால் 21 மில்லிநொடி. ஒலி உள்ளே போய் வெளியே வருவதற்குள் இது இரு மடங்குக்கும் மேலாகும். ஹெட்போனில் தம் குரல் இவ்வளவு பின்தங்கி வந்தால் எந்தப் பாடகரும் தாளத்தை இழந்துவிடுவார். எனவே பதியும்போது 128 அல்லது 256, பிறகு மிக்ஸிங் (ட்ராக்குகளைக் கலத்தல்) செய்யும்போது கணினி திணறாமலிருக்க 1024 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால், குரல் கணினிக்குள் போகாமலேயே காதுக்கு வந்துவிடும் என்பதால் இந்தக் கவலையே இல்லை. புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது. அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

எதையும் பதியும் முன், அனைவரும் வாய்மூடி அமர்ந்திருக்கப் பத்து வினாடி வெறுமனே பதிந்து, ஒலியளவை ஏற்றிக் கேளுங்கள். ஆழமான, மாறாத ரீங்காரம் ஒன்று கேட்டால் அது பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; பத்தில் பல சமயங்களில் அதோடு ரீங்காரமும் போய்விடும். அப்படியானால் பேட்டரியிலேயே பதியலாம். அந்தப் பத்து வினாடி அமைதியை அழித்துவிடாமல் வைத்திருங்கள். பின்னர் இரைச்சலை நீக்கும் கருவிக்கு, அறையின் இரைச்சல் எது என்று காட்ட அது உதவும்.

மின்தடையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2023இல் இருந்ததுபோல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இப்போது வாட்டுவதில்லை என்றாலும் உள்ளூர் மின்தடைகள் நின்றபாடில்லை. ரீப்பரின் அமைப்புகளில், சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானே சேமிக்கும்படி செய்துவிடலாம். மேசைக்கணினி வைத்திருப்பவர்களுக்கு, கணினியை ஒழுங்காக அணைக்கும் அவகாசம் தரும் ஒரு சிறிய யூபிஎஸ் கட்டாயம்.

சுருதியும் தாளமும்

மேலைநாட்டு இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இந்த மென்பொருள்களை நம் இசைக்குப் பழக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் தொடாத பகுதியும் இதுவே.

முதலில் சுருதி. ஒரு கட்டை என்பது மென்பொருளில் சி. இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி. ஒன்றரைக் கட்டை சி ஷார்ப். பாடகரின் சுருதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் பின்பாட்டுச் சேர்க்க வரும்போது தேட வேண்டியிருக்காது. தம்பூரா ஒலியைச் செல்பேசிச் செயலியிலிருந்து எடுப்பவர்கள், அதை அறையில் ஒலிக்கவிடாமல் ஒரு கம்பிவழியாக இன்டர்ஃபேஸுக்குள் கொடுத்துத் தனி ட்ராக்கில் பதிய வேண்டும். அப்போதுதான் பின்னால் அதன் அளவைக் குறைக்க முடியும். பழைய ஆர்மோனியங்கள் 440 ஹெர்ட்ஸ் கணக்கிலிருந்து சற்று விலகியிருக்கும். ஆர்மோனியத்தை வீட்டில் உடனே திருத்த முடியாது. ஆகவே செயலியில் உள்ள நுண்ணிய சுருதித் திருத்தத்தை அசைத்து, தம்பூராவை ஆர்மோனியத்தோடு சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பதிந்த பாட்டில் எங்கோ ஒரு கசப்பு இருந்துகொண்டே இருக்கும், காரணமும் பிடிபடாது.

தாளத்துக்கு வருவோம். புதிய கோப்பைத் திறந்தவுடன் மென்பொருள் நிமிடத்துக்கு 120 அடி, 4/4 என்று தானே ஒரு கணக்கை வைத்துக்கொள்கிறது. ஆதி தாளப் பாட்டுக்கு இதை 8/4 என்று மாற்றுங்கள். இப்போது ஓர் ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) முழுவதும் திரையில் ஒரே கட்டமாக நிற்கும். தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமின் அழுத்தமான ஓசை சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், மட்டும் விழும். ‘பன்னிரண்டாவது ஆவர்த்தனத்தில் மிருதங்கம் பிசகியது’ என்று ஒருவர் சொன்னால் பன்னிரண்டாம் கட்டத்துக்கு நேராகப் போய்விடலாம். ரூபகத்துக்கு 3/4, மிச்ர சாபுக்கு 7/8, கண்ட சாபுக்கு 5/8. பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளியிருந்தால், பாட்டின் முதல் எழுத்தைக் கட்டத்தின் கோட்டோடு ஒட்டவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சமம் கோட்டில் விழட்டும், சாகித்தியம் தள்ளியே நிற்கட்டும். துண்டுகளை நகர்த்தும்போது அவற்றைக் கோட்டை நோக்கி இழுக்கும் ஸ்னாப் வசதியை ஆல்ட், எஸ் அழுத்தி நிறுத்திவிடலாம்.

நாமாவளிக்கு மெட்ரோனோமே வேண்டாம் என்பது என் கருத்து. நிதானமாகத் தொடங்கி, பின்பாட்டுக்காரர்கள் சூடேறச் சூடேறக் காலம் ஏறிக்கொண்டே போவதுதான் பஜனையின் உயிர். அதை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஆணியடித்துவிட்டால் உயிர் போய்விடும். முன்பாட்டையும் ஆர்மோனியத்தையும் தாளவாத்தியத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பதிந்துவிட்டு, மற்றவற்றை அதன்மேல் சேருங்கள்.

பதிவு

ஒவ்வொரு மைக்குக்கும் கன்ட்ரோல், டி (T) அழுத்தி ஒரு ட்ராக்கைத் திறந்து, அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தி, எந்த உள்ளீட்டிலிருந்து வாங்க வேண்டும் என்று காட்ட வேண்டும். உள்ளே வரும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைத் திருப்பும்போது, பாடகரை மெதுவாக ஹம் செய்யச் சொல்லாமல், பாட்டிலேயே மிக உச்சமான இடத்தைப் பாடச் சொல்லுங்கள். அப்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டக் கூடாது. 24 பிட்டில் பதியும்போது குறைந்த அளவில் பதிவதால் தரம் கெடுவதில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்துபோன ஒலியை மட்டும் எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது. தயாரானதும் கன்ட்ரோல், ஆர்; நிறுத்த ஸ்பேஸ் பட்டை.

தவிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் எழுப்பும் கூரிய ஓசையும், இடப்பக்கமான தொப்பியில் குச்சி எழுப்பும் ஆழ்ந்த ஓசையும் எதிரெதிர்த் திசைகளில் பாய்வதால், ஒரு மைக்கை நடுவில் வைத்தால் இரண்டுமே பாதியாகத்தான் கிடைக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மைக்குகள், ஒன்றரை அடி தள்ளி, தோலின் மையத்தை நோக்காமல் விளிம்பை நோக்கி இருக்கட்டும். அளவு பார்க்கும்போது தவில்காரர் தீர்மானம் (உரக்க முடிக்கும் கோர்வை) வாசிக்க வேண்டும். சாதாரண நடையில் பார்த்து வைத்த அளவு, தீர்மானத்தில் நிச்சயமாகக் கிழியும். நாகஸ்வரத்தை வீட்டு அறைக்குள் பதிவது வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் தண்டனை. கோயில் மண்டபத்திலோ திறந்த கராஜிலோ, அணசு எனும் முனைக்கூம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, நேர்முகமாக அல்லாமல் சற்றுச் சாய்வாக மைக்கை நிறுத்துங்கள். அணசின் வாயருகே மைக்கை நீட்டினால் துளைகளிலிருந்து வரும் ஒலி பாதி விட்டுப்போய், கூர்மை மட்டுமே மிஞ்சும்.

பின்பாட்டுக்கு நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், அதே நால்வரை மூன்று முறை பாடவைத்து, ஒவ்வொரு முறையும் மைக்கின் முன் இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். மூன்று ட்ராக்குகளையும் இடம், வலம், நடு என்று பிரித்து வைத்தால் மண்டபம் நிறைந்த கூட்டம்போல் கேட்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து டிராஃபிக்கில் சிக்கி வருபவர்களை வைத்துப் பாடுபவர்களுக்கு இது ஒன்றே வழி.

வெட்டுதலும் திருத்துதலும்

பிழையான இடத்தில் கர்சரை வைத்து எஸ் அழுத்தினால் துண்டு இரண்டாகப் பிரியும். வெட்டை எப்போதும் பாடகர் மூச்சு வாங்கும் இடத்துக்கு முன்னால் போடுங்கள். மூச்சைத் துண்டித்துவிட்டால் கேட்பவருக்கு ஏதோ மூச்சுமுட்டுவதுபோல் இருக்கும். காலம் ஏறிக்கொண்டே போகும் பஜனையில், மூன்றாவது சுற்றின் வரியை முதல் சுற்றில் ஒட்ட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சுருதித் திருத்தும் ப்ளக்-இன்களைப் பற்றி எச்சரிக்கை அவசியம். அவை பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் மிக அருகில் உள்ளதை நோக்கிக் குரலை இழுக்கும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே அல்ல. கீழும் மேலும் அசைந்தால்தான் அது தோடி. தானியங்கித் திருத்தத்தை அதன்மேல் ஏவினால் அசைவு படிக்கட்டுகளைப் போல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, குரல் பொம்மைபோல் ஆகிவிடும். தேவாரப் பண்களுக்கும் இதே கதிதான். நீண்டு நிற்கும் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ குரல் சற்று இறங்கியிருந்தால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கையால் தேர்ந்தெடுத்துத் தூக்கலாம். மற்றதை மறுபடி பாடவைப்பதே மேல். கீபோர்டில் நாகஸ்வரமோ வீணையோ வாசிப்பவர்கள் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச்பெண்ட் சக்கரத்தின் எல்லை வழக்கமாக இரண்டு அரைஸ்வரங்கள்தான் என்பதை அறிந்து, வேண்டியபோது அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மிக்ஸிங்

எல்லா ட்ராக்குகளையும் கீழே இறக்கிவிட்டு, முன்பாட்டுக் குரலை முதலில் ஏற்றி, அதற்கு எது எவ்வளவு துணைநிற்க வேண்டுமோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். குரல் ட்ராக்கில், மேல் கீழ்த் தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திறந்து, ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் மேசை அதிர்வும் தெருவில் போகும் லாரியும் ஒழியும். சிறிய அறையில் பதிந்த குரலில் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒரு மந்தம் தேங்கியிருக்கும். அங்கே இரண்டு மூன்று டெசிபெல் இறக்கினால் போதும். தவிலின் தொப்பி ட்ராக்கில் மட்டும் கீழ்ப்பகுதியில் கை வைக்காதீர்கள். மண்டப எதிரொலியைச் சேர்க்கும் ரிவர்பை ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போடாமல், ஒரே ரிவர்ப் ட்ராக்கை உருவாக்கி அனைத்தையும் அளவறிந்து அதற்குள் அனுப்பினால், எல்லாரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பாடுவதுபோல் ஒலிக்கும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸரைப் பற்றித் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டாம்.

முடிந்ததை ஹெட்போனில் மட்டும் கேட்டுத் திருப்தியடையக் கூடாது. காரில் கேளுங்கள், செல்பேசியில் கேளுங்கள். கோயிலில் ஒலிக்கப்போகும் பதிவு என்றால், அங்கே இருக்கும் கூம்பு ஒலிபெருக்கி இடம் வலம் அறியாதது, கீழ்த்தொனியை விழுங்கிவிடுவது. எல்லாம் கலந்து வரும் மாஸ்டர் ட்ராக்கை மோனோவாக (இடம் வலம் இல்லாத ஒரே ஒலியாக) மாற்றி, அப்போதும் சாகித்தியத்தின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று சோதித்துவிட்டே கொடுங்கள். தம்பூராவும் ஆர்மோனியமும் சொற்களை மூடுவது மோனோவில்தான் வெளிப்படும்.

கோப்பாக்கலும் பாதுகாத்தலும்

ஃபைல் பட்டியலில் உள்ள ரெண்டர் வழியாக இரண்டு கோப்புகள் எடுங்கள்: ஒன்று 24 பிட் வேவ், காப்பகத்துக்கும் வானொலிக்கும், மற்றொன்று எம்பி3, உறவினர்களுக்கு. யூடியூப் உரத்த பதிவுகளை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவுகோல்) என்ற அளவுக்குத் தானே இறக்கிவிடும் என்பதால், அதற்கு மேல் உரக்கச் செய்ய முயன்று ஒலியை நசுக்குவதால் பயனில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பொதுவெளியில் ஏற்றும் முன் பாட்டின் உரிமையைப் பாருங்கள். தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. அண்மைக்காலத்தில் ஒருவர் இயற்றி மெட்டமைத்த பாட்டுக்கும் திரைப்பாடலின் மெட்டில் அமைந்த பஜனைக்கும் வேண்டும். நீங்களே இயற்றிய பாட்டானால் தென்னாப்பிரிக்க இசையுரிமை அமைப்பான சாம்ரோவில் உறுப்பினராகி அதைப் பதிவுசெய்துகொள்ளலாம். பாடிய பெரியவர்களிடம், இது இணையத்தில் போகப்போகிறது என்று முன்பே சொல்லி ஒப்புதல் பெறுவதும் நம் கடமை.

வேலையைச் சேமிக்கும்போது சேவ் ஆஸ் பெட்டியில், எல்லா ஒலிக்கோப்புகளையும் இதே ஃபோல்டருக்குள் நகலெடு என்ற தேர்வைக் குறியிட மறக்காதீர்கள். இல்லையேல் ஃபோல்டரை மட்டும் வேறு வட்டுக்கு மாற்றிய பின் திறந்தால் ட்ராக்குகள் வெறுமையாக நிற்கும். அந்த ஃபோல்டரின் ஒரு நகல் கணினியில், ஒன்று வெளிவட்டில், மூன்றாவது இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் இருக்கும் உறவினரின் வீட்டிலோ இருக்க வேண்டும். ஒவ்வொரு ட்ராக்கையும் தொடக்கம் முதல் முடிவு வரை தனித்தனி வேவ் கோப்பாகவும் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவைத்தால், இன்றைய மென்பொருள் நாளை இல்லாமல் போனாலும் வேறெந்த மென்பொருளிலும் அவற்றைத் திறந்து, முதல் வினாடியில் வரிசையாக வைத்து, வேலையைத் தொடரலாம்.